மேலதிகாரியின் சினமும் களத்தின் உண்மையும்

போலியோ ஒழிப்பு இயக்கத்தின்போது வீடு வீடாகச் சென்ற ஊழியர்கள், ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சாக்குக்கட்டியால் ஓர் எழுத்தை எழுதி வந்தனர். வீட்டிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவருக்கும் சொட்டு மருந்து கொடுத்தாகிவிட்டால் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து. ஒரு குழந்தையேனும் விடுபட்டிருந்தால், அல்லது வீடு பூட்டிக் கிடந்தால், அல்லது பெற்றோர் மறுத்துவிட்டால் ‘எக்ஸ்’ என்ற எழுத்து. மாலையில் வட்டாரத் தலைமையிடத்தில் கூட்டம் நடைபெறும். அன்றைய கணக்கு அங்கே ஒப்புவிக்கப்படும். ‘எக்ஸ்’ இட்ட வீடுகளுக்கு மறுபடியும் ஆள் சென்றாக வேண்டும். எந்த வீட்டில் இன்னும் வேலை பாக்கியிருக்கிறது என்பதைக் காட்டியது அந்த எழுத்தே. ஆகையால், அவ்வியக்கத்திற்கு மிகுதியும் பயன்பட்ட எழுத்து ‘பி’ அன்று, ‘எக்ஸ்’தான்.

அந்த மாலைக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் மேற்பார்வையாளரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பகல் முழுவதும் வெயிலில் அலைந்தவர். உரிய வேளையில் உணவு கொள்ளாதவர். மாவட்டத் தலைமையிடத்திலிருந்து ஏற்கெனவே இரண்டு முறை கேள்விக்கு உள்ளானவர். ஓர் ஊழியர் எழுந்து, தம் பகுதியில் முப்பது வீடுகள் ‘எக்ஸ்’ என்கிறார். மேற்பார்வையாளர் சீறி விழுகிறார். மறுநாள் அப்பகுதியில் ‘எக்ஸ்’ வீடுகள் பத்தாகக் குறைந்துவிடுகின்றன. குழந்தைகள் மருந்து பெற்றதனால் அவை குறைந்தனவா, சாக்குக்கட்டி பயந்துவிட்டதனால் குறைந்தனவா என்பதை அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் எவ்வாறு அறிய முடியும்?

இந்த ஐயத்தை அவ்வியக்கத்தை வகுத்த நிபுணர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். குழந்தைகளுக்குத் திடீரெனக் கைகால் தளர்ந்துபோகும் நோய் போலியோவினால் மட்டும் வருவதன்று. வேறு காரணங்களாலும் வரும். பதினைந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஒருவரேனும் போலியோ அல்லாத காரணத்தால் இவ்வாறு பாதிக்கப்படுவர் என்பது கணக்கு. அத்தகைய நோயாளி ஒருவர்கூட இல்லை என்று ஒரு மாவட்டம் அறிக்கை அனுப்பினால், அம்மாவட்டத்தை எவரும் பாராட்டவில்லை; அங்கே கண்காணிப்பு சரியாக நடைபெறவில்லை என்றே கொண்டனர். கெட்ட செய்தி வராதிருப்பதையே கெட்ட செய்தியாகக் கருதிய இம்முறை, இந்தியாவின் வெற்றிக்கு ஒரு முக்கியக் காரணம் எனலாம். நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி, 2011-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மேற்கு வங்காளத்தின் ஹௌரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிறு பெண் குழந்தை. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பகுதி முழுவதும் போலியோ அற்றதென்று சான்றளிக்கப்பட்டது.

தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தம் உணர்ச்சிகளை ஆள வேண்டும் என்பதை நல்லொழுக்க போதனையாகக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. அது அவருடைய சொந்தக் குணநலன் பற்றிய விஷயம் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், களப்பணியிலும் கல்விப்பணியிலும் அது அளவுகளின் நம்பகம் பற்றிய விஷயம். வெப்பமானியில் பாதரசம் எவ்வளவு ஏறினாலும் வெப்பமானி பயப்படுவதில்லை. மனிதர் வழியாக வரும் தகவல் அத்தன்மையது அன்று.

உடலில் நிகழ்வது

சினம் மூண்ட நிலையில் உடலுக்கு என்ன நேருகிறது என்பதை முதன்முதல் பரிசோதனை வாயிலாக ஆராய்ந்தவர்களுள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உடலியல் அறிஞர் வால்டர் கானன் குறிப்பிடத்தக்கவர். 1911-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய துணைவரும், அமைதியாக இருந்த ஒரு பூனையிடமிருந்து சிறிது இரத்தத்தை எடுத்தனர். பின்னர் ஒரு நாயைக் கொணர்ந்து அதன் முன்னே குரைக்கச் செய்து, மீண்டும் இரத்தம் எடுத்தனர். தாளம் தவறாது சுருங்கி விரிந்துகொண்டிருக்கும் குடல்தசைத் துண்டு ஒன்றை இவ்விரு இரத்தங்களிலும் தனித்தனியே இட்டுப் பார்த்தனர். அமைதியான பூனையின் இரத்தத்தில் அத்தசை தன் போக்கில் இயங்கியது. கிளர்ச்சியுற்ற பூனையின் இரத்தத்திலோ அது தளர்ந்து நின்றுவிட்டது. அட்ரினல் சுரப்பியின் சாறு இரத்தத்தில் கலந்திருந்ததே இதற்குக் காரணம். 1915-இல் வெளிவந்த தம் நூலில், அச்சமும் சினமும் உடலைப் போருக்கோ ஓட்டத்திற்கோ ஆயத்தம் செய்கின்றன என்று கானன் விளக்கினார். நாடித்துடிப்பு உயர்கிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, செரிமானம் நின்று, தசைகளுக்கு இரத்தம் திருப்பி விடப்படுகிறது.

புலியை எதிர்கொள்பவனுக்கு இவை யாவும் உதவும். மாதாந்தர அறிக்கையை எதிர்கொள்ளும் அதிகாரிக்கோ இவற்றால் ஆவது ஒன்றுமில்லை. அன்றியும், மூளையின் முன்பகுதி, அதாவது நிதானித்தல், மாற்று வழிகளை ஒப்பிடுதல், பிறர் கூறுவதை மனத்தில் நிறுத்திச் சீர்தூக்குதல் ஆகிய பணிகளைச் செய்யும் பகுதி, கடும் கிளர்ச்சியின்போது தன் திறனை இழக்கிறது என்பது பிற்கால ஆராய்ச்சிகளால் தெளிவாகியிருக்கிறது. அட்ரினலின் வேகம் விரைவில் தணியும். ஆனால், கார்ட்டிஸால் எனப்படும் மற்றொரு ஹார்மோன் மெதுவாக ஏறி, கிளர்ச்சி தொடங்கிய சுமார் 20 முதல் 30 நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டுகிறது. ஐந்து நிமிடம் வெளியே நின்று தேநீர் அருந்திவிட்டு வந்தவர், ‘என் கோபம் தணிந்துவிட்டது’ என்று நம்பினாலும், அவர் உடல் அதை இன்னும் ஒப்புக்கொண்டிருக்காது.

அடக்குதல் வேறு, ஆளுதல் வேறு

இங்கு இரண்டு தவறான கருத்துகள் வழக்கத்தில் உள்ளன. கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டால் மனம் இலேசாகிவிடும் என்பது ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தில் காட்டாமல் இருந்துவிட்டால் போதும் என்பது மற்றொன்று. இரண்டையும் மனோதத்துவ ஆய்வாளர்கள் பரிசோதித்திருக்கின்றனர்.

முதற்கருத்தைச் சோதித்தவர் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்கர். 2002-இல் வெளியான அவருடைய ஆய்வில், மாணவர்கள் எழுதிய கட்டுரைகளைக் கடுமையாக இழித்துரைத்து அவர்களுக்குச் சினமூட்டினர். பின்னர்ச் சிலரை, இழித்துரைத்தவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் செய்தனர். வேறு சிலரை, உடற்பயிற்சியை நினைத்துக்கொண்டு குத்தச் செய்தனர். எஞ்சியவரைச் சும்மா இருக்கச் செய்தனர். எதிரியை நினைத்துக்கொண்டு குத்தியவர்களுக்கே சினம் மிகுந்திருந்தது. சும்மா இருந்தவர்களிடமே பழிவாங்கும் போக்கு மிகக் குறைந்து காணப்பட்டது. ‘ஆத்திரத்தைக் கொட்டித் தீர்த்தேன்’ என்று கூறுபவர் பெரும்பாலும் அதை வளர்த்துக்கொண்டவரே ஆவர்.

இரண்டாவது கருத்து இன்னும் நுட்பமானது. ஜேம்ஸ் கிராஸ் என்பவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அருவருப்பூட்டும் ஓர் அறுவைச் சிகிச்சைத் திரைப்படத்தைப் பலருக்குக் காட்டினார். ஒரு சாராரிடம், உணர்ச்சியை முகத்தில் காட்டாது மறைக்குமாறு கூறினார். மற்றொரு சாராரிடம், படத்தைத் தொடக்கத்திலிருந்தே ஒரு மருத்துவ நிபுணரின் கண்ணோடு பார்க்குமாறு கூறினார். இரு சாராரும் முகத்தில் அதிகம் காட்டவில்லை. ஆயினும், மறைத்தவர்களின் உள்ளத்தில் அருவருப்பு குறையவில்லை. உடலின் கிளர்ச்சியோ கூடியது. நோக்கை மாற்றிக்கொண்டவர்களுக்கு அருவருப்பே குறைந்தது. உணர்ச்சியை மறைத்துக்கொண்டிருப்பவர், அப்போது தமக்குச் சொல்லப்படும் செய்திகளைச் சரிவர நினைவிற் கொள்வதில்லை என்று 2000-ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு காட்டியது. 2003-இல் வெளியான வேறோர் ஆய்வு மேலும் வியப்பூட்டுவது: இருவர் உரையாடும்போது ஒருவர் தம் உணர்ச்சிகளை மறைத்துக்கொண்டிருந்தால், அவரோடு பேசிக்கொண்டிருக்கும் மற்றவரின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. கல்போன்ற முகத்துடன் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர், தாம் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லையே என்று எண்ணலாம். எதிரே நிற்கும் இளம் ஆசிரியரின் நாடி வேறு கதை சொல்லும்.

ஆக, முகத்தை அடக்குவது ஆளுதல் ஆகாது. நிகழ்ச்சியை மனம் பொருள்கொள்ளும் இடத்திலேயே மாற்றம் நிகழ வேண்டும். ‘இவர் என்னை மதிக்கவில்லை, அதனால் அறிக்கை அனுப்பவில்லை’ என்று எண்ணுவதற்கும், ‘அறிக்கை வரவில்லை, எங்கே தடைப்பட்டது?’ என்று எண்ணுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. முன்னதில் ஒரு பகைவர் இருக்கிறார். பின்னதில் ஒரு கேள்வி இருக்கிறது. உணர்ச்சிக்குப் பெயரிட்டுக்கொள்வதும் ஓரளவு உதவுகிறது. முகங்களில் தோன்றும் உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கச் செய்தபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் இயக்கம் குறைந்ததை 2007-இல் ஓர் ஆய்வு கண்டறிந்தது. பசியையும் களைப்பையும் மேலிடத்தைப் பற்றிய அச்சத்தையும் கோபம் என்றே நாம் அழைத்துப் பழகியிருக்கிறோம். பல சமயங்களில் ஊழியரைக் கடிந்துகொள்பவர் உண்மையில் மாவட்ட அதிகாரியைக் கண்டு அஞ்சிக்கொண்டிருப்பவரே.

தலைவரின் மனநிலை பரவுவது

மாணவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, கண்களைக் கட்டிவிட்டு ஒரு கூடாரத்தை எழுப்புமாறு பணித்தனர் சில அமெரிக்க ஆய்வாளர்கள். அதற்கு முன்னர், ஒவ்வொரு குழுவின் தலைவருக்கும் மட்டும், மகிழ்ச்சியூட்டும் அல்லது எரிச்சலூட்டும் ஒரு திரைக்காட்சியைக் காட்டியிருந்தனர். 2005-இல் வெளியான முடிவு இது: தலைவரின் மனநிலை, அக்காட்சியைக் கண்டிராத உறுப்பினர்களையும் பற்றிக்கொண்டது. மகிழ்ச்சியான தலைவரின் குழுவில் ஒத்திசைவு மிகுந்திருந்தது.

அந்த ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. எரிச்சலுற்ற தலைவரின் குழுவினரே அதிக உழைப்பைச் செலவிட்டனர். கோபக்கார அதிகாரியின் அலுவலகம் சுறுசுறுப்பாகத் தோன்றுவதன் இரகசியம் இதுவே போலும். எல்லாரும் ஓடுகின்றனர்; கோப்புகள் பறக்கின்றன; ஆனால், ஒருவர் இழுக்கும் கயிறு மற்றவர் இழுக்கும் கயிற்றோடு ஒத்துப்போவதில்லை.

‘திட்டினால் திருந்துகிறார்கள்’

அனுபவமிக்க ஆசிரியர் ஒருவர் இவ்விடத்தில் மறுப்புக் கூறக்கூடும்: “ஆராய்ச்சி எதுவாயினும் ஆகுக. நான் திட்டிய மறுநாள் மாணவன் நன்றாக எழுதுகிறான். பாராட்டிய மறுநாள் கெட்டுப்போகிறான். இதை இருபது ஆண்டுகளாகக் கண்டுவருகிறேன்.”

அவர் கண்டது பொய்யன்று. 1960-களில் இஸ்ரேல் நாட்டு விமானப் படையின் பயிற்சி ஆசிரியர்களுக்கு மனோதத்துவ வகுப்பு நடத்திய டேனியல் கானெமன் என்ற அறிஞரிடமும் ஒரு பயிற்சியாளர் இதையே கூறினார். அழகாக விமானம் ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை அவன் மோசமாக ஓட்டுகிறான். மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான் என்பது அவர் வாதம். கானெமன் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு குறி வரைந்து, ஒவ்வொருவரையும் அதற்கு முதுகு காட்டி நின்று, திரும்பிப் பாராமல் இரண்டு நாணயங்களைக் குறியை நோக்கி எறியச் செய்தார். முதல் நாணயத்தைக் குறிக்கு அருகில் எறிந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதைத் தொலைவில் எறிந்தனர்; முதலில் தொலைவில் எறிந்தவர்கள் அடுத்த முறை அருகில் எறிந்தனர். அங்கே ஒருவரையும் எவரும் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.

இதற்குப் புள்ளியியலில் சராசரியை நோக்கிய மீட்சி என்று பெயர். பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்ட பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயர் 1886-இல் இதை விளக்கினார். எந்தச் செயலின் விளைவிலும் திறமையோடு தற்செயலும் கலந்திருக்கிறது. வழக்கமாக 60 மதிப்பெண் பெறும் மாணவன் ஒரு நாள் 45 பெற்றால், அன்று தலைவலியோ தூக்கமின்மையோ அறியாத கேள்வியோ சேர்ந்துகொண்டிருக்கும். அடுத்த முறை அவை அனைத்தும் ஒருங்கே சேர்வது அரிது. அவன் தன் 60-ஐ நோக்கித் திரும்புவான். திட்டினாலும் திரும்புவான், திட்டாவிட்டாலும் திரும்புவான். ஆனால், மிக மோசமான நாளிலேயே நாம் திட்டுகிறோம். ஆகவே அடுத்த நாளின் முன்னேற்றம் முழுவதும் நம் வசைக்கு வரவு வைக்கப்படுகிறது. மிகச் சிறந்த நாளிலேயே பாராட்டுகிறோம். அடுத்த நாளின் இறக்கம் பாராட்டின் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. இயற்கையே ஆசிரியரையும் அதிகாரியையும் கடுமைக்குப் பரிசளித்து, கனிவுக்குத் தண்டித்துப் பழக்குகிறது. அனுபவம் இவ்வளவு நயமாக ஏமாற்றும் இடம் வேறு அதிகம் இல்லை.

ஐயமுள்ளவர் தம் மதிப்பெண் பதிவேட்டைக் கொண்டே இதைச் சோதிக்கலாம். ஒரு தேர்வில் கடைசி ஐந்து இடம் பெற்ற மாணவரையும் முதல் ஐந்து இடம் பெற்றவரையும் குறித்துக்கொண்டு, எவரிடமும் ஒன்றும் கூறாமல், அடுத்த தேர்வின் எண்களை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

மௌனத்தின் விலை

மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைப் பற்றி ஆமி எட்மண்ட்ஸன் என்பவர் செய்த ஆய்வு 1996-இல் வெளிவந்தது. நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள செவிலியர் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கிடைத்த எண்களோ தலைகீழாக இருந்தன. நல்ல குழுக்களிலேயே தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. நல்ல செவிலியர் அதிகத் தவறு செய்வார்களா? மேலும் ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. அக்குழுக்களில் தவற்றை வாய்விட்டுச் சொல்ல அஞ்ச வேண்டியதில்லை. ஆகவே தவறுகள் ஏட்டில் ஏறின. கண்டிப்பான தலைமையின் கீழ் அவை ஏட்டில் ஏறாமல் நோயாளியின் உடலோடு நின்றுவிட்டன.

மழைமானிக் காவலர் ஒருவரை இதற்கு உள்நாட்டு உதாரணமாகக் கொள்ளலாம். நம் நாட்டில் மழையளவு காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுகிறது. ஒரு நாள் அவரால் அந்நேரத்திற்கு அங்கே செல்ல முடியவில்லை. பதிவேட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, காரணத்தை எழுதினால், ஒரு நாளின் அளவு போயிற்று, அவ்வளவே. வெறுமையைக் கண்டால் மேலதிகாரி கொதிப்பார் என்று அஞ்சி, அண்டை ஊர் மழையைக் கேட்டு ஓர் எண்ணை எழுதிவிட்டால், அது மாதச் சராசரியில் புகும். ஆண்டுச் சராசரியில் புகும். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அணைக்கட்டுக்குக் கணக்கிடும் பொறியாளரின் மேசைக்கும் சென்று சேரும். வெற்றிடத்தை எவரும் காணலாம். புனைந்த எண்ணைத் தோண்டி எடுப்பவர் எவரும் இலர்.

மௌனம் உயிர்களைக் கொண்டுபோன நிகழ்ச்சிகளில் மிகக் கொடியது, 1977 மார்ச் 27 அன்று கானரித் தீவுகளில் உள்ள டெனரீப் விமானநிலையத்தில் நேர்ந்தது. மூடுபனியில் இரண்டு பெரிய விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன. டச்சு விமானத்தின் தலைமை விமானி தம் கம்பெனியின் மூத்த பயிற்சியாளர். பெரும் புகழ் பெற்றவர். பணிநேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. புறப்படும் அவசரம் அவரை ஆட்கொண்டிருந்தது. முதன்முறை விமானத்தை அவர் நகர்த்தத் தொடங்கியபோது, அனுமதி கிடைக்கவில்லை என்று துணை விமானி நினைவூட்டினார், அவர் நிறுத்தினார். சற்று நேரத்தில் மீண்டும் அனுமதியின்றியே புறப்பட்டபோது, துணை விமானி இரண்டாம் முறை தடுக்கவில்லை. மற்ற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று பின்னாலிருந்த இயந்திரப் பொறியாளர் வினவினார். தலைமை விமானி அழுத்தந்திருத்தமாக ஆம் என்றார். அதன் பின் எவரும் பேசவில்லை. மாண்டவர் 583 பேர். அவர் கொடியவரும் அல்லர், திறமையற்றவரும் அல்லர் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. அவசரமும் ஓர் உணர்ச்சியே. அது தலைவரைப் பற்றும்போது, கீழே உள்ளவரின் ஐயம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இவ்விபத்தும் இத்தகைய பிறவும், 1979-க்குப் பின்னர் விமானிகளுக்குப் புதியதொரு பயிற்சியைக் கொண்டுவந்தன. இளையவர் ஐயத்தை உரக்கக் கூறவும், மூத்தவர் அதைக் கேட்டு நிற்கவும் அங்கே பழக்கப்படுத்தப்படுகின்றனர்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ஓர் ஆகஸ்டு

இதற்கு நேர்மாறான உதாரணம் நம் நாட்டிலேயே உள்ளது. 1979 ஆகஸ்டு 10 அன்று, இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகணையான எஸ்.எல்.வி.-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. முதற்கட்டம் செவ்வனே இயங்கிற்று. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு குலைந்தது. 317 விநாடிகளில் கலம் வங்கக் கடலில் வீழ்ந்தது. பல ஆண்டுகளின் உழைப்பு ஐந்தரை நிமிடங்களுக்குள் முடிந்துபோயிற்று. திட்ட இயக்குநராக இருந்தவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான்.

கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் இதை விரிவாகக் கூறியிருக்கிறார். ஏவுவதற்குச் சில நிமிடங்கள் முன்னர்க் கணிப்பொறி ஒரு குறையைக் காட்டி நிறுத்தியதையும், நிபுணர்களின் ஆலோசனையைக் கேட்டு அந்தத் தடையை மீறி ஏவுமாறு தாமே முடிவு செய்ததையும் அவர் மறைக்கவில்லை. ஒரு தலைவர் சினங்கொள்வதற்கு இதைவிட நியாயமான சந்தர்ப்பம் இருக்க முடியாது. பத்திரிகையாளர்களோ வெளியே காத்திருந்தனர். அரசின் பணம் கடலில் போயிற்று என்ற கேள்வி வரவிருந்தது. தவான் கலாமை அழைத்துக்கொண்டு பத்திரிகையாளர் கூட்டத்திற்குச் சென்றார். பேசும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். தோல்வி தம் பொறுப்பு என்றும், தம் குழுவினர் மீது தமக்கு நம்பிக்கை உண்டு என்றும், ஓராண்டுக்குள் அவர்கள் வெற்றி பெறுவர் என்றும் கூறினார். மறுநாளே ஆய்வுக்கூட்டம் கூடிற்று. பழுதடைந்த ஒரு வால்வின் வழியாக எரிபொருளோடு சேரவேண்டிய அமிலம் கசிந்துபோனதே விபத்துக்குக் காரணம் என்பது தெளிவாகியது.

1980 ஜூலை 18 காலையில் அதே வகைக் கலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் இட்டது. அன்று பத்திரிகையாளரைச் சந்திக்குமாறு தவான் கலாமையே அனுப்பினார்; தாம் முன்னே செல்லவில்லை.

இந்நிகழ்ச்சி பெருந்தன்மைக்கு உதாரணமாகப் பள்ளிகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. அது சரியே, எனினும் பாதி உண்மையே. மறுநாள் கூடிய அறையில் தொழில்நுட்பம் அறிந்த மனிதர்கள், ஒவ்வொருவரும் தம் பங்கில் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. பழி தேடும் தலைவர் ஒருவர் முன்னே அமர்ந்திருந்தால், ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் பகுதி பழுதற்றது என்றே நிறுவ முயன்றிருப்பர். தவான் முந்தின நாளே பழியைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டுவிட்டதால், அந்த அறையில் தேடுவதற்கு எஞ்சியிருந்தது காரணம் ஒன்றுதான். அவருக்கு ஏமாற்றமே ஏற்படவில்லை என்று எவரும் கூறமாட்டார். அந்த ஏமாற்றம் யார் தலையிலும் இறங்கவில்லை என்பதே செய்தி.

வட்டார அலுவலகத்திலும் வகுப்பறையிலும்

ஏவுகணை வேறு, வட்டார அலுவலகம் வேறு என்று கூறலாம். வேறுபாடு உண்டு, கீழே செல்லச் செல்ல எதிர்த்துப் பேசும் வலிமை குறைகிறது என்பதே அவ்வேறுபாடு. 2005-இல் தொடங்கிய ஆஷா பணியாளர் திட்டத்தின் பெண்கள், பெரும்பாலும் செய்த வேலைக்கேற்ற ஊக்கத்தொகையை நம்பியிருப்பவர்கள். மேற்பார்வையாளர் உரத்துப் பேசினால் அவர்கள் விவாதிப்பதில்லை. தலையாட்டிவிட்டு எண்ணைத் திருத்திவிடுகின்றனர். ஆகவே, தம்முன் எவரும் மறுத்துப் பேசுவதில்லை என்பதைத் தம் நிர்வாகத் திறமைக்குச் சான்றாக ஓர் அதிகாரி கொள்வாராயின், அவர் தம் அலுவலகத்தைப் பற்றி மிகக் குறைவாக அறிந்தவரே.

நடைமுறையில் செய்யக்கூடியவை எளியவை, மலிவானவையும்கூட. ஆய்வுக் கூட்டத்தை நாளின் முடிவில், எல்லாரும் பசித்திருக்கும் வேளையில் வைக்க நேர்ந்தால், முதலில் ஒரு குவளைத் தேநீராவது கொடுத்துவிட்டுத் தொடங்கலாம். கூட்டத்தில் முதல் கேள்வி ‘எத்தனை முடிந்தது?’ என்பதாக இல்லாமல், ‘எங்கே முடியவில்லை?’ என்பதாக இருந்தால், முடியாததைச் சொல்வது குற்ற ஒப்புதல் ஆகாமல், கேட்ட கேள்விக்கு விடை ஆகிவிடுகிறது. கெட்ட செய்தியை முதலில் கொணர்ந்தவருக்கு என்ன நேருகிறது என்பதை மற்றவர் அனைவரும் கவனித்துக்கொண்டிருக்கின்றனர். அடுத்த ஆறு மாதத்திற்கான பாடத்தை அன்றே கற்றுவிடுகின்றனர். எனவே, அச்செய்தி எவ்வளவு கசப்பாயினும், தலைவரின் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் அதைப் பற்றிய மேலும் ஒரு கேள்வியாக அமைவது நல்லது. தனியே கண்டிக்க வேண்டியதைப் பலர்முன் கண்டிப்பது, கண்டிக்கப்பட்டவரைத் திருத்துவதைவிடக் கண்டவர்களை ஊமையாக்குவதிலேயே வல்லது. தலைமையாசிரியர் மாணவர் எதிரில் ஓர் ஆசிரியரைக் கடிந்துகொள்ளும்போது, அவ்வகுப்பில் அந்த ஆசிரியரின் ஆண்டு முழுவதும் கெட்டுவிடுகிறது.

வகுப்பறைக்குள் ஆசிரியரே தலைவர். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குழந்தைகளுக்கு உடல் தண்டனை தருவதையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் பிரம்பைப் பறித்துவிடலாம். பார்வையைப் பறிக்க இயலாது. தவறான விடை சொன்ன சிறுவனை ஏளனமாகப் பார்த்துவிட்டால் போதும். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டும் வித்தையை அவன் அன்றே பயிலத் தொடங்குகிறான். எந்தப் பின்னத்தை அவன் புரிந்துகொள்ளவில்லை என்பது ஆண்டிறுதித் தேர்வு வரையில் வெளியே தெரியாது. ‘புரிந்ததா?’ என்று கேட்டவுடன் நாற்பது பேரும் ஒரே குரலில் ‘புரிந்தது’ என்று கூறும் வகுப்பு, போலியோ அறிக்கையில் நோயாளி ஒருவரும் இல்லாத மாவட்டத்தைப் போன்றது.

இவை யாவும் தலைவர் ஒருபோதும் சினங்கொள்ளலாகாது என்று கூறுவன அல்ல. செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுதல், குழந்தையை அடித்தல், பொதுப் பணத்தைக் கையாடுதல் முதலியவற்றுக்குக் கண்டிப்பே தக்கது. அங்கே மௌனமாக இருப்பவர் நேர்மையான ஊழியர்களுக்குத் துரோகம் செய்பவர் ஆவர். தவறியதற்கும் பொய்த்ததற்கும் வேறுபாடு காண்பதுதான் கடினமான பகுதி. சினம் ஏறிய நிலையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அதனாலேயே விளக்கம் கோரும் மெமோவை அன்றிரவே எழுத நேர்ந்தாலும், அதில் கையெழுத்திடுவதை மறுநாள் காலைக்கு ஒத்தி வைக்கும் வழக்கம் சில அனுபவமிக்க அதிகாரிகளிடம் உண்டு. காலையில் அவர்கள் அதிலிருந்து முதலில் அடித்துவிடுவது பெயரடைகளைத்தான். எஞ்சுவது பெரும்பாலும் தேதியும் இடமும் எண்ணும் உள்ள இரண்டு வரிகள். பதில் எழுத வேண்டியவருக்கும் அவையே விளங்குகின்றன.